ஒக்காசியோன் படகு

ஜோசப் ஆனந்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடையாது, பிரெஞ்சு பென்ஷன் கிடையாது, அந்த நாட்டில் அவர் கால் வைத்ததும் கிடையாது. ஆனாலும் நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் காலையில் குழாயடிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் "போன்ழூர்" சொல்லாமல் அவர் பல் துலக்க மாட்டார். பதிலுக்குத் தெருவே அவரை "முசியே" என்று, அதாவது பிரெஞ்சில் "ஐயா" என்று, கூப்பிடும். அது கிண்டல் என்று எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. ஆறு வருடமாக நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

நான் அவருக்குப் பக்கத்துப் போர்ஷன். பஸ் ஸ்டாண்ட் அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர்தான், அதனால் அந்த வீட்டில் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாமல் போனதில்லை. அவருக்கு அறுபத்து நான்கு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்புக்கு வகுப்பு சர்க்குலர் தூக்கிக்கொண்டு போன நேரத்தில் கரும்பலகையைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததுதான் அவருடைய பிரெஞ்சு. மனைவி ரூபியம்மாவுக்கு அந்த பிரெஞ்சும் பிடிக்காது, அதைப் பேசுகிற தொனியும் பிடிக்காது. ஒரே மகள் ஜாஸ்லினைக் கடலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் பிரெஞ்சுக்காரர் ஆகாமல் போனதற்கு அவருடைய அப்பாதான் காரணம். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று, புதுச்சேரி முறைப்படி இந்தியாவோடு சேர்ந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் சொன்னார்கள். முசியேவின் பெரியப்பா உடனே போய்க் கையெழுத்துப் போட்டார். அப்பா ஆறு மாதமும் தீர யோசித்து, ஏழாவது மாதம் ஒரு முடிவுக்கு வந்தார். அதன் பலனாக ஒரு குடும்பம் பிரான்சுக்குப் போனது, இன்னொரு குடும்பம் நெல்லித்தோப்பில் வாடகைக்கு இருக்கிறது.

பெரியப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பென்ஷன் பணத்தில் துய்மா வீதியில் ஒரு பெரிய வீடு வாங்கி, பெரியம்மா பெயரில் 'வில்லா பிலோமின்' என்று வாசலுக்கு மேல் எழுதி வைத்தார். அவர் காலமான பிறகு வீடு அவருடைய மகன் சூசைநாதனுக்கு வந்தது. சூசைநாதன் இருந்தது பிரான்சில். சாவி இருந்தது தம்பி முறையான ஆனந்திடம்.

முப்பத்தொரு வருடம். காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் சைக்கிளில் போய்க் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குப்பை கூட்டி, கீல்களுக்கு எண்ணெய் விட்டு வருவார். உப்புக் காற்று, எண்ணெய் விடாவிட்டால் கீல் அரித்துப்போகும். மாலையில் மறுபடி போய் எல்லாவற்றையும் சாத்துவார். வாசல் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு முறை தள்ளிப் பார்ப்பார். தெருமுனை வரை வந்து, சந்தேகம் வந்து, திரும்பிப் போய் மூன்றாவது முறையும் தள்ளுவார். கல்யாணமான புதிதில் கூடப் போன ரூபியம்மா அந்த முனையில் நின்று நின்றே கால் வலி கண்டவர்.

இத்தனைக்கும் ஒரு பைசா சம்பளம் கிடையாது. கேட்டால் "நம்ம வீடு" என்பார். சூசைநாதனும் லீவுக்கு வரும்போதெல்லாம் "நம்ம வீடுடா ஆனந்து" என்றுதான் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு அதை விற்ற அன்று, பத்திரப் பதிவு அலுவலகத்தில் வைத்து அது சூசைநாதன் வீடாகிவிட்டது.

கிளம்புகிற அன்று சூசைநாதன் தம்பியைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பிறகு ஒரு நீல மூட்டையைக் காட்டினார். காற்றடித்து மிதக்க விடுகிற மீன்பிடிப் படகு. என்றைக்கோ வீட்டுச் சாமான்களோடு கப்பலில் வந்தது. இரண்டு துடுப்பு, காலால் மிதிக்கிற பம்பு, தூண்டிலைச் செருகி வைக்க இரண்டு குழாய், மூன்று பேர் உட்கார இடம். பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் வீட்டின் பெயரையே சூசைநாதன் எழுதி வைத்திருந்தார், 'பிலோமின்' என்று. நோணாங்குப்பத்து உப்பங்கழியில் இரண்டே முறை அதை இறக்கினாராம். முதல் முறை மீன் கிடைக்கவில்லை, இரண்டாம் முறை வெயிலில் அவர் தோல் கறுத்துப் போனது. "உனக்கு என்னோட கதோ" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

கதோ என்றால் பரிசு. அந்த வார்த்தையை முசியே தெரு முழுக்கக் கொண்டு போனார். "அண்ணன் கதோ குடுத்துட்டுப் போயிருக்காரு. பிரான்ஸ் சரக்கு."

"ஆமா, கதோ," என்றார் ரூபியம்மா. "முப்பத்தொரு வருஷத்துக்குக் காத்து அடிச்சிக் குடுத்துட்டுப் போயிட்டாரு உங்க அண்ணன்."

எனக்கு முசியே மேல்தான் ஆத்திரம் வரும். ஏமாந்தவன் அழுதால் ஆறுதல் சொல்லலாம். ஏமாற்றியவனுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு, அதையும் பிரெஞ்சில் வாங்கினால் என்ன செய்வது?

மடித்து வைத்தால் மடிப்பில் விரிசல் விழும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்ததாம். அதனால் படகு காற்றடித்த நிலையில் அவர்கள் ஹாலிலேயே கிடந்தது. ஹால் மொத்தமும் பத்துக்குப் பத்து. டிவி பார்க்க வேண்டுமானால் படகில் ஏறித்தான் உட்கார வேண்டும். ரூபியம்மா மழை நாளில் துணி காயப்போட்டார், வெங்காயம் மலிவாக இருந்தபோது வாங்கிக் கொட்டி வைத்தார். தெருப்பூனை ஒன்று உள்ளே வந்து தூங்கிப் பழகியது. தண்ணீரை மட்டும் அந்தப் படகு பார்க்கவில்லை, ஏனென்றால் முசியேவுக்கு நீச்சல் தெரியாது.

இந்த வருடம் ஜாஸ்லினுக்கு ஏழாம் மாதம் வந்தது. அழைத்து வந்து வளையல் போட வேண்டும், பிறகு பிரசவம் வரை இங்கேதான். ரூபியம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏங்க, வாயும் வயிறுமா வர்ற பொண்ணு இந்த ஹால்ல துடுப்புப் போட்டுக்கினா போவா? அவ வர்றதுக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது."

விற்க ஒப்புக்கொண்டார். விலை கேட்டேன், ஒரு லட்சம் என்றார்.

"முசியே, புதுசே அவ்ளோ வராது."

"பிரான்ஸ் சரக்கு, கலை."

என் பெயர் கலைச்செல்வன். கடையில் அட்டை அடித்து வாசலில் மாட்டவும், போனில் விளம்பரம் போடவும் நான்தான் பொறுப்பு. அட்டையில் 'யூஸ்டு படகு' என்று போடலாமா என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கியது. யூஸ்டு என்பது கேவலமான வார்த்தையாம். பிரான்சில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்களாம். கைமாறுகிற பொருளுக்கு அங்கே ஒக்காசியோன் என்றுதான் பெயராம். எழுத்து எழுத்தாகச் சொல்ல, நானும் அடித்தேன். அடித்து முடித்துப் பார்த்தால் அது நம் ஊர்ப் பிள்ளைகள் ஒக்கேஷன் என்று படிக்கிற அதே இங்கிலீஷ் வார்த்தை. எழுத்துகூட மாறவில்லை. இங்கிலீஷில் அதற்கு விசேஷம் என்று அர்த்தம். சொல்லிப் பார்த்தேன். "படிச்சவன் புரிஞ்சிப்பான்" என்றார். சரி, படட்டும் என்று பெரிய எழுத்தில் அடித்து, கீழே அவருடைய போன் நம்பரையும் போட்டேன்.

ஒக்கேஷன் போட். ஊரே அப்படித்தான் படித்தது.

முதல் போன் அரியாங்குப்பத்தில் இருந்து. பேரனுக்குக் காது குத்துகிறார்களாம், தாய்மாமன் குழந்தையைப் படகில் வைத்துத் தூக்கி வர வேண்டும், நாள் வாடகை என்ன? இரண்டாவது போன் மஞ்சள் நீராட்டு. மூன்றாவது, ஒரு கட்சிக்காரர் தலைவர் பிறந்தநாளுக்குப் படகில் நின்று கேக் வெட்ட விரும்பினார். ஒவ்வொருவருக்கும் முசியே பொறுமையாகப் பாடம் எடுத்தார். அது ஒக்கேஷன் இல்லை, ஒக்காசியோன். விசேஷம் இல்லை, பழசு.

"பழசுன்னா?" என்று எதிர்முனை யோசித்தது. "அறுபதாம் கல்யாணத்துக்கா சார்?"

இரண்டு வாரத்தில் முப்பது போன் வந்திருக்கும். அதில் வாங்க வந்தவர் ஒருவர்தான், வீராம்பட்டினத்து பாலகுரு. கடலில் தொழில் செய்கிறவர். கழியில் நண்டு வலை போட ஒரு சின்னப் படகு தேடிக்கொண்டிருந்தார். செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தவர், ஹாலில் நின்ற படகைச் சுற்றி வர முடியாமல் ஓர் ஓரமாக நின்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். காற்றடைப்பானில் காதை வைத்தார். உள்ளே கிடந்த இரண்டு வெங்காயத்தை எடுத்து ரூபியம்மாவிடம் கொடுத்தார்.

"கெளுத்தி முள்ளு பட்டா இன்னா ஆவும்?"

"முள்ளு படாம பாத்துக்கணும்," என்றார் முசியே.

"மீன் புடிக்கற படகுங்கறீங்க, மீன் முள்ளு ஆவாதுங்கறீங்க." பாலகுரு இன்னொரு முறை படகை அழுத்திப் பார்த்தார். "எட்டாயிரம் தரேன். ரெண்டு எடத்துல ஒட்டுப் போடணும்."

"ஒரு லட்சம்."

பாலகுரு சிரிக்கவில்லை. ரூபியம்மா கொடுத்த டீயைக் குடித்து முடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. வெல படகுக்குத்தான் சொல்றீங்களா, வேற எதாச்சும் சேத்துச் சொல்றீங்களா?"

சமையல்கட்டில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. முசியே படகில் கிடந்த வெங்காயத் தோலைத் தட்டிவிட்டார். பாலகுரு கும்பிட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த ஒரு லட்சம் படகின் விலை இல்லை என்று எனக்கும் தெரியும், ரூபியம்மாவுக்கும் தெரியும். படகு எட்டாயிரத்துக்குப் போனால் அவருடைய முப்பத்தொரு வருடம் எட்டாயிரம் என்று முடிவாகிவிடும். அதை அவரால் தாங்க முடியாது. வாயால் ஒத்துக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் அண்ணன் கொடுத்தது கதோ. அன்று இரவு சாப்பாடு வேண்டாம் என்று சொன்னது எனக்குச் சுவர் வழியாகவே கேட்டது.

மறுநாளில் இருந்து போனை ரூபியம்மா எடுத்தார். அவருக்கு பிரெஞ்சும் தெரியாது, பிரெஞ்சின் மானத்தைக் காப்பாற்றும் கவலையும் கிடையாது. "ஒக்கேஷன் போட்டுங்களா?" என்று கேட்டவர்களிடம் "ஆமாங்க, எந்தத் தேதி?" என்றார். அந்த வாரமே ஒரு முன்பணம் வந்து விழுந்தது. ஹரிகிருஷ்ணன், சிவசங்கரி என்று சென்னையில் வேலை பார்க்கிற ஒரு ஜோடி. கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற போட்டோவுக்கு ஒரு படகு வேண்டுமாம். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம், தண்ணீர் உள்ள இடம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இடத்தின் மேப் என் போனுக்கு வந்தது. துய்மா வீதி. வில்லா பிலோமின்.

முசியே பார்த்தார். "நான் வரல."

"அட்வான்ஸ் வாங்கியாச்சி," என்றார் ரூபியம்மா. "காத்த எறக்குங்க."

அது அவர் வீடு இல்லை என்று ஆன பிறகு அவர் அந்தத் தெருப் பக்கமே போனதில்லை. வண்டியில் போகும்போதுகூடச் சுற்றித்தான் போவார். இதை அறிந்துதான் ரூபியம்மா சொன்னார் என்று நினைக்கிறேன். குட்டியானை வண்டியில் படகு மூட்டையின் மேல் முசியே உட்கார்ந்தார், துடுப்புகளை மடியில் வைத்துக்கொண்டு. கல்யாணச் சட்டை போட்டிருந்தார். போட்டோ அவரை எடுக்கப் போவதில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாசலில் பக்கிரி என்று பேட்ஜ் குத்திய செக்யூரிட்டி நின்றார். எங்களையும் மூட்டையையும் பார்த்து, "சாமான் எல்லாம் பின் கேட்டு" என்றார். முசியே நேராகப் பின் கேட்டை நோக்கி நடந்தார். அவர் வழி கேட்கவில்லை என்பதை பக்கிரி கவனித்த மாதிரி தெரியவில்லை.

உள்ளே முற்றத்தைத் தோண்டி நீச்சல் குளம் ஆக்கியிருந்தார்கள். சுவர்களுக்குப் புதிதாக மஞ்சள் அடித்து, அந்த மஞ்சள் பழசாகத் தெரிய வேண்டும் என்று அங்கங்கே சுரண்டியும் விட்டிருந்தார்கள். முசியே இருந்த காலத்தில் இதே சுவர் தானாகவே உரியும், அதற்கு அவர் சொந்தக் காசில் சுண்ணாம்பு வாங்கி அடிப்பார். ஓரமாகக் கயிறு கட்டி ஒரு மர நாற்காலியை வைத்திருந்தார்கள். தொடாதீர்கள், இந்த இல்லத்தின் பழம்பொருள் என்று பித்தளைத் தகட்டில் எழுதியிருந்தது. ஒரு கால் உடைந்து கரண்டுக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது.

"இது நான் கட்டுன கம்பி," என்றார் முசியே மெதுவாக. சாயங்காலம் ஜன்னல் சாத்தும் வரை அதில்தான் உட்கார்ந்திருப்பாராம். இப்போது அதில் உட்கார அனுமதி இல்லை.

பம்பை மிதிக்க ஆரம்பித்தார். ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கியது, நான் வாங்கி மிதித்தேன். படகு எழும்பியது, பிலோமின் என்ற எழுத்தும் நிமிர்ந்தது. ஜோடி ஏறி உட்கார்ந்தது. ஹரிகிருஷ்ணன் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். முசியே குளத்தின் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்கிள், ஃப்ரேம்ல வர்றீங்க. கொஞ்சம் தள்ளுங்க," என்றான் போட்டோகிராபர். தள்ளினார். "இன்னும் கொஞ்சம் அங்கிள்." தூணுக்குப் பின்னால் போய் நின்றார். இப்போது கயிறு மட்டும் தெரிந்தது. போட்டோவில் அதை அழித்துவிடலாமாம்.

ஓட்டல் மேனேஜர் வெற்றிவேல் என்று ஓர் இளைஞர், கோட் போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். படகின் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர் எங்களிடம் வந்தார். "சார், இதுல எப்பிடி எங்க ஓட்டல் பேரு?"

"படகு இந்த வூட்டோடதுதாங்க," என்றார் ரூபியம்மா.

வெற்றிவேல் கண்ணில் வியாபாரம் தெரிந்தது. அப்படியே போனை எடுத்து முதலாளியோடு பேசிவிட்டு வந்தார். "சார், குடுக்கறதா இருந்தா வெல சொல்லுங்க. குளத்துலயே கெடக்கட்டும். கெஸ்ட்டுங்க கேட்டா சொல்றதுக்கு ஒரு கதையாச்சி."

"ஒரு லட்சம்," என்றார் முசியே.

"சரி சார்."

அவ்வளவுதான். ஒரு இரவுக்குப் பதினைந்தாயிரம் வாங்குகிறவர்களுக்கு அது ஒரு வாரத்து அறை. பேரம் பேசுகிறவர்களுக்கு என்று பிரான்ஸ் சரக்கு, ரப்பரின் தரம் என்று முசியே மூன்று வாரமாக என்னென்னவோ பதில் தயார் செய்து வைத்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் கையில் இருந்த கயிற்றைத் தூணில் கட்டினார். கேட்ட விலை கிடைத்ததற்கு ஒரு மனிதன் இவ்வளவு வாடிப்போய் நான் பார்த்ததில்லை.

ரூபியம்மாவின் போனில் பணம் வந்த சத்தம் கேட்டது. வெற்றிவேல் ஒரு வவுச்சரை நீட்டினார். 'பழைய காற்றுப் படகு, ஒன்று' என்று எழுதியிருந்தது. "இங்க ஒரு சைன் சார்."

முசியே பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடாமல் ரொம்ப நேரம் அந்த வரியைப் பார்த்தார். பிறகு பழைய காற்றுப் படகு என்பதை ஒரே கோடாக அடித்துவிட்டு, அதன் மேல் பிரெஞ்சில் ஒரு வார்த்தை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். வெற்றிவேல் அதைப் படிக்கப் பார்த்தார். "பிரெஞ்சுங்களா? சூப்பர் சார்," என்று வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த மொழி தெரிந்த ஒருவரும் அந்த பிரெஞ்சு வீட்டில் இல்லை.

"இன்னா எழுதினீங்க?" என்று கேட்டார் ரூபியம்மா. "ஒக்காசியோனா?"

"இல்ல. சம்பளம்னு எழுதினேன்."

ரூபியம்மா அவரையே பார்த்தார். நானும் பார்த்தேன். கதோ என்று மூன்று வருடமாகத் தெரு முழுக்கச் சொன்ன வாய் அது. நான் பம்பை எடுத்து மூட்டை கட்டினேன். அதுவும் படகோடு சேர்ந்தது என்று வெற்றிவேல் திரும்ப வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது முசியே பின் கேட்டுக்குப் போகவில்லை. ஹால் வழியாக நடந்து, வாசல் கதவைத் திறந்து வெளியே வந்தார். நாங்களும் வந்தோம். அவர் திரும்பி நின்று கதவை இழுத்துச் சாத்தினார். இரண்டு முறை தள்ளிப் பார்த்தார்.

"நான் பாத்துக்கறேன் சார், நீங்க போங்க," என்றார் பக்கிரி.

மூன்று பேரும் நடந்தோம். தெருமுனை வந்ததும் முசியேவின் நடை தடுமாறியது. திரும்பிப் பார்த்தார். இந்த முனையில் நின்று நின்று கால் வலி வந்ததாக வாழ்நாளெல்லாம் புலம்பிய ரூபியம்மா, சுவரோரமாக நிழல் பார்த்து நின்றார்.

"வேணும்னா இன்னொரு தரம் பாத்துட்டு வாங்க. நான் நிக்கிறேன்."

"வேணாம் ரூபி," என்றார் அவர். "சம்பளம் வாங்கியாச்சி."